குவையும் மூலக்கூறும்

(தென்காசியில் ஆசிரியரும் மேனிலைப்பள்ளி மாணவரும் கூடியிருந்த அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வேதியியற் கணக்கைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்னும் வியப்பு உங்கள் முகங்களில் தெரிகின்றது. அவ்வியப்பு எனக்கும் உண்டு. யாப்பும் அணியும் சொல்லிப் பழகிய வாய் அணுவையும் வளியையும் சொல்லலாமோ என்று அழைத்தவர்களையே கேட்டேன். "பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்காமைக்குக் கரணியம் கணக்கா, சொல்லா? அதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார்கள். சொல்லைப் பற்றியது என்ற பிறகு நான் யாங்ஙனம் மறுப்பேன்?

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றேன். மேனிலை வகுப்பில் நானும் வேதியியல் படித்தவனே. ஆயினும் மோல் கணக்கை ஒருநாளும் விளங்கிச் செய்தேனல்லேன். நூலின் பின்புறத்தில் விடையைப் பார்ப்பேன். கொடுத்த எண்களைப் பெருக்கியும் வகுத்தும் அவ்விடை வரும்வரை உருட்டுவேன். மதிப்பெண் வந்தது, அறிவு வரவில்லை. பின்பு கல்லூரியில் தமிழ் பயின்று தமிழாசிரியனானேன். மோலை மறந்தே போனேன். முப்பது ஆண்டு கழித்து அது மீண்டும் என்னைத் தேடி வந்தது.

நான் வகுப்பாசிரியனாயிருந்த பதினோராம் வகுப்பில் ஒரு மாணவி. ஒருநாள் மாலை விண்ணப்பம் ஒன்றை நீட்டி, "ஐயா, கையெழுத்துப் போடுங்கள், நான் வரலாற்றுப் பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன்" என்றாள். "ஏனம்மா?" என்றேன். "வேதியியல் எனக்கு வராது ஐயா" என்றாள். வரலாறு தாழ்ந்ததன்று, விரும்பிப் போகின்றவரை நான் தடுப்பதில்லை. ஆனால் அஞ்சி ஓடுகின்றவரைத் தடுக்காமல் விடுவதுமில்லை. தேர்வுத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன்.

வினா இது: 50 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? அவள் எழுதியிருந்தது இது: 'சுண்ணாம்புக்கல்லின் மூலக்கூறு எடை 100 கிராம். 50 கிராம் என்பது அரை மூலக்கூறு. மூலக்கூற்றைப் பாதியாக உடைத்தால் அது சுண்ணாம்புக்கல்லாக இராது. ஆகவே இவ்வினாவுக்கு விடை இல்லை.' பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய சுழியம்.

பெருமக்களே, அந்தச் சுழியத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, திகைத்தேன். அந்தப் பெண்ணின் ஏரணத்தில் ஒரு பழுதும் இல்லை. முதற்கூற்றை ஏற்றுக்கொண்டால் மற்றவை அனைத்தும் நூலிழை பிசகாமல் வருகின்றன. பழுது முதற்கூற்றில். "ஒரு மூலக்கூறு நூறு கிராம் இருந்தால் அதைக் கையில் எடுத்து வெற்றிலையில் தடவலாமே அம்மா" என்றேன். "மோல் என்பது மூலக்கூற்றின் சுருக்கம்தானே ஐயா?" என்று திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, முப்பது ஆண்டுக்கு முன் நான் விழுந்த குழியிலேயே அவளும் விழுந்திருக்கிறாள் என்று.

இதில் வேடிக்கை என்னவெனில், சொற்பிறப்பை நோக்கினால் அவள் சொன்னது பெரும்பிழையன்று. திரள், குவியல் என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல் ஒன்றிலிருந்து சிறுமைப்பொருள் தந்து 'மாலிக்கியூல்' பிறந்தது. சிறுதிரள் என்பது அதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானிய அறிஞர் ஆசுட்வால்டு அதனினின்றே 'மோல்' என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தார். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துணுக்குக்கும், கையில் அள்ளத்தக்க பெருங்குவியலுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர். அம்மயக்கம் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் உண்டு. நாம் என்ன செய்தோம்? துணுக்குக்கு 'மூலக்கூறு' என்று தமிழ்ப்படுத்தினோம். குவியலுக்கு 'மோல்' என்றே விட்டுவிட்டோம். மோல், மூல: ஓசை ஒப்புமை வேறு சேர்ந்துகொண்டது. பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே இவ்வுரையில் மோலைக் 'குவை' என்றே சொல்லப்போகின்றேன். தேர்வில் மோல் என்றே எழுதுங்கள்; என் சொல்லாராய்ச்சிக்காக உங்கள் மதிப்பெண்ணைக் காவு கொடுக்க வேண்டா. ஆனால் மனத்துக்குள் குவை என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூலக்கூறு ஒன்று, குவை பல. அரை மூலக்கூறு இல்லை. அரைக்குவை உண்டு, கால்குவையும் உண்டு.

எத்தனை சேர்ந்தால் ஒரு குவை? கோடி கோடி கோடி என்று மும்முறை சொல்லி, அதனை அறுநூற்றிரண்டால் பெருக்குங்கள், ஏறத்தாழ அத்தனை. அருவியில் உள்ளங்கையை நீட்டி ஒரு மிடறு நீர் ஏந்துகின்றீர்களே, அது 18 கிராம் இருக்குமானால் அதுவே ஒரு குவை நீர். அதிலுள்ள மூலக்கூறுகளை நொடிக்கு ஒரு கோடி வீதம் உணவும் உறக்கமும் இன்றி எண்ணினாலும் முடிக்க 190 கோடி ஆண்டு ஆகும். இதற்கு அவகாதரோ எண் என்று பெயர். அவர் இத்தாலியர், அவ்வெண்ணை அவர் கண்டதே இல்லை, அவர் மறைந்து நெடுநாட் கழித்து அவர் பெயரைச் சூட்டினர். 2019 மே 20 முதல் அவ்வெண்ணை இவ்வளவே என்று உலக அளவையியலார் வரையறுத்து நிலைநிறுத்தி விட்டனர். அதற்கு முன் 12 கிராம் கரியில் எத்தனை அணுவோ அத்தனை என்று சுற்றி வளைத்துச் சொல்லி வந்தார்கள். அதே 2019-இல்தான் நம் தென்காசியும் தனி மாவட்டமாயிற்று. இரண்டிற்கும் தொடர்பில்லை, ஆண்டு நினைவில் நிற்கட்டுமே என்று சொன்னேன்.

எண்ணி முடியாததை எப்படி எண்ணுவது? நிறுத்து எண்ணுவது. இதுதான் இக்கணக்கின் உயிர்நாடி. இது விளங்கிவிட்டால் எஞ்சியவை வாய்பாடு. ஒரு மிளகு ஒரு கடுகைப்போல் இருபது மடங்கு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கடுகையும் இருபது கிலோ மிளகையும் நிறுத்து வைத்தால் இரு குவியலிலும் மணிகளின் எண்ணிக்கை ஒன்றே. எத்தனை மணி என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை, இரண்டும் சமம் என்பது தெரியும். அணுக்களும் அவ்வாறே. நீரக அணுவை 1 என்று கொண்டால் கரியணு 12, உயிர்வளி அணு 16, சுண்ண அணு 40. ஆகவே 1 கிராம் நீரகத்திலும் 12 கிராம் கரியிலும் 40 கிராம் சுண்ணத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைதான் குவை. வெற்றிலையைக் கவுளியாக எண்ணினோம். நெல்லை இருபத்தொரு மரக்கால் கொண்ட கோட்டையாக அளந்தோம். எண்ணும் வேலையை நிறைகோலிடம் ஒப்படைத்தது மட்டுமே வேதியியலார் செய்த புதுமை.

இனி அந்தப் பெண்ணின் கணக்குக்கு வருவோம். அவளுடைய பாட்டனார் சுண்ணாம்புக் காளவாசலில் நெடுங்காலம் வேலை செய்தவர். இதை அன்றுதான் சொன்னாள். "அப்படியானால் உன் வீட்டிலேயே ஆசிரியர் இருக்கிறார், வா" என்று மறுநாளே சென்றேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். "தாத்தா, கல் வெந்துவிட்டது என்று எப்படிக் கண்டுகொள்வீர்கள்?" என்று கேட்டேன். "கையிலெடுத்தால் தெரியும் ஐயா. போட்ட கனத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கும். கனம் கூட இருந்தால் உள்ளே வேகாத கல் இருக்கிறது என்று பொருள்" என்றார். பேத்தி என்னைப் பார்த்தாள். பாடநூலிலுள்ள வேதிவினையின் விடையைப் பாட்டனார் கை சொல்லிவிட்டது!

பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் சுண்ணம் 40, கரி 12, உயிர்வளி பதினாறு பதினாறாக மூன்று, ஆக 48, மொத்தம் 100. இதனைச் செல்சியசு அளவில் 900 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் கரியும் இரண்டு பங்கு உயிர்வளியும் சேர்ந்து கரிவளியாகிப் பறந்துவிடும். பாடநூலில் கார்பன் டை ஆக்சைடு என்பது இதுவே. அதன் குவை 44 கிராம். எஞ்சும் சுட்ட சுண்ணாம்பு 56. நூற்றில் ஐம்பத்தாறு: 'பாதிக்குச் சற்று மேல்.' 50 கிராம் என்றால் அரைக்குவை. விடை 28 கிராம். அவ்வளவுதான். இதற்காக ஒரு பெண் அறிவியலை விட்டே ஓட இருந்தாள்.

பெரியவரிடம் இன்னொன்றும் கேட்டேன். ஆயிரம் கிலோ கல் அறுநூறு கிலோவாக நின்றால்? "வேகவில்லை என்று மறுபடி தீ போடுவோம்" என்றார். பேத்தி தாளில் போட்டாள்: போனது 400 கிலோ கரிவளி. 44 கிலோ போக 100 கிலோ கல் வெந்திருக்க வேண்டும். 400 கிலோ போக ஏறத்தாழ 909 கிலோ கல். ஆகவே 91 கிலோ வேகாக் கல்லாகவோ வேற்றுப் பொருளாகவோ உள்ளே கிடக்கிறது. கண்ணால் காணாமல், உடைத்துப் பாராமல், நிறைகோலை மட்டும் கொண்டு சொல்லிவிட்டாள். பெரியவர் வியந்து சிரித்தார்.

கணக்கு அங்கே முடியவில்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றுகிறோம். 56 கிலோவுக்கு 18 கிலோ நீர். கிடைப்பது 74 கிலோ நீறிய சுண்ணாம்பு. ஆயிரம் கிலோ கல்லில் வந்த 560 கிலோவுக்குக் கணக்குப்படி 180 இலிட்டர் நீர் போதும். ஆனால் நீற்றுகிறவர் அதற்கு மேலும் ஊற்றுவார். ஏனெனில் நீறும்போது எழும் வெப்பத்தில் ஒரு பகுதி நீர் கொதித்து ஆவியாகிவிடும். கணக்கைக் கற்றவர் இந்த இடத்தில் தொழிலாளியைத் திருத்தப் போகக் கூடாது. பின்பு அச்சாந்தைச் சுவரில் பூசினால் அது காற்றிலிருந்து கரிவளியைக் கொஞ்சங் கொஞ்சமாக உண்டு, நீரை வெளிவிட்டு, மீண்டும் கல்லாகிறது. 740 கிலோ நீறு 440 கிலோ கரிவளியை உண்டு 1000 கிலோ கல்லும் 180 கிலோ நீருமாகும். காளவாசலில் போனது சுவரில் திரும்பி வந்துவிட்டது. பழைய காரைக் கட்டடங்களின் பூச்சில் சுரண்டிப் பார்ப்பது மலையிலிருந்து வந்து, வெந்து, நீறி, மீண்டும் மலையான கல்லே. தாழையூத்தில் 1949 முதல் சிமிட்டி செய்கிறார்களே, அங்கும் முதல் வேலை இதுதான்: சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரிவளியை விரட்டுவது.

இக்கணக்குத் துறைக்கு ஆங்கிலத்தில் 'சுடாய்க்கியோமெட்ரி' என்று பெயர். 1792-இல் இரிக்டர் என்னும் செருமானியர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஆக்கியது. பின்பாதிக்கு அளவை என்று பொருள். முன்பாதியாகிய கிரேக்கச் சொல்லுக்குத் தனிமம் என்று பொருள். அதே சொல்லுக்கு எழுத்து என்றும் பொருள்! இதைக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! எழுத்தை அளப்பது எங்கள் தொழிலல்லவா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து பழகிய இனத்துக்கு இக்கணக்கு எப்படி வேற்றுக் கணக்காகும்? நான் இதனைத் தனிமவளவை என்று சொல்வேன்.

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது மாணவருக்கு நான் சொல்வது இது: புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று உண்டு. வேதிவினையிலோ தோன்றலும் இல்லை, கெடுதலும் இல்லை, ஒரு தனிமம் மற்றொன்றாகத் திரிதலும் இல்லை. எழுத்துகள் இடம் மாறிப் புதுச்சொல் ஆவது மட்டுமே உண்டு. இடப்பக்கத்தில் எத்தனை எழுத்தோ வலப்பக்கத்திலும் அத்தனை. ஒன்று குறைந்தாலும் நீ எங்கோ விழுங்கியிருக்கிறாய்! இவ்வளவு சொன்னால் போதும். யாப்புப் படித்த பிள்ளை பிழையைத் தானே கண்டுபிடிக்கும்.

முந்தித் தீர்வது எது என்னும் கணக்கும் ஒன்று உண்டு. பாடநூலில் நீண்ட பெயர் போட்டுப் பிள்ளைகளை அச்சுறுத்துகிறார்கள். திருமணப் பந்தியில் இலை 90, வடை 160, ஓர் இலைக்கு இரண்டு வடை. எத்தனை பேர் உண்ணலாம்? எண்பது பேர். இலை பத்து மிஞ்சும். முந்தித் தீர்ந்தது வடை. ஆகவே விருந்தின் அளவை முடிவு செய்தது வடை, இலை அன்று. இதில் ஒரு பொறி உண்டு. 160 பெரிது, 90 சிறிது. சிறிதுதான் முந்தித் தீரும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தீர்வதை முடிவு செய்வது இருப்பு மட்டுமன்று. செலவாகும் தகவும் சேர்ந்து முடிவு செய்கின்றது. கிராமை அப்படியே ஒப்பிட்டு ஏமாறாமல், குவையாக மாற்றிய பின் ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

இனி வளிகள். கல்லையும் நீரையும் நிறுக்கலாம். வளியை எப்படி நிறுப்பது என்று மலைத்திருந்த காலத்தில் அவகாதரோ 1811-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: ஒரே வெப்பநிலையும் ஒரே அழுத்தமும் உள்ள எல்லா வளிகளிலும் சம பருமனில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளே உண்டு. நெல்லுக்கும் மிளகுக்கும் இது பொருந்தாது. ஒரு படி நெல்லில் உள்ள மணியும் ஒரு படி மிளகில் உள்ள மணியும் சமமாகா. வளிக்குப் பொருந்தும், ஏனெனில் வளியில் மூலக்கூறுகள் தம் உருவினும் பன்மடங்கு விலகி நிற்கின்றன, நாம் அளப்பது பெரும்பாலும் வெற்றிடத்தையே. இக்கருத்தை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு எவரும் பொருட்படுத்தவில்லை. 1860-இல் கார்ல்சுரூ நகரில் வேதியியலார் கூடிய மாநாட்டில் அவர் நாட்டவரான கன்னிசரோ எடுத்துரைத்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. அப்போது அவகாதரோ மறைந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தன.

இதனால் நமக்கென்ன பயன்? உயிர் காக்கும் பயன். கரிவளியின் குவை 44 கிராம். நாம் மூச்சிழுக்கும் காற்றின் குவை ஏறத்தாழ 29 கிராம். சம பருமனில் சம எண்ணிக்கையாதலால் கரிவளி காற்றினும் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும். அந்தப் பெரியவர் சொன்னார்: "குளிருக்கு இதமாக இருக்கிறதென்று காளவாசல் ஓரப் பள்ளத்தில் படுக்கக் கூடாது ஐயா, படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்." பாழுங்கிணற்றில் இறங்கி மாள்கிறவர்களை நாளிதழில் படிக்கிறோம். இன்ன வளி பள்ளத்தில் தங்கும், இன்னது மேலே போகும் என்பது 44, 29 என்னும் இரண்டு எண்களில் அடங்கிக் கிடக்கின்றது. ஆயிரம் கிலோ கல் வெந்தால் வெளிவரும் 440 கிலோ கரிவளி பத்தாயிரம் குவை. நம் வெப்பநிலைக்கு ஆறியபின் அதன் பருமன் ஏறத்தாழ 2,49,000 இலிட்டர். எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறை ஒன்றரையை அது நிரப்பும். விறகும் கரியும் எரிந்து வரும் வளி தனி.

அதே அளவைகொண்டு இன்னொரு பிழையையும் களையலாம். ஈரக்காற்று கனமானது என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். நீராவியின் குவை 18 கிராம். 29 இருந்த இடத்தில் 18 வந்து அமர்ந்தால் கனம் கூடுமா, குறையுமா? ஈரக்காற்று இலேசானது! தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது, ஏற ஏற அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்வதால் நீராவி துளியாகிறது. மழையின் பெரும்பகுதியை மேற்கே கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே நமக்கு எஞ்சிய சாரலைத் தூவுகின்றது. குற்றாலத்தில் நாம் நனைவது வளியின் நடத்தையால்தான்.

வளிக்கணக்கில் பிள்ளைகள் தவறுகின்ற இடம் வெப்பநிலை. 30 பாகை 60 பாகை ஆயிற்று. பருமன் இரட்டிக்கும் என்று எழுதிவிடுவார்கள். செல்சியசின் சுழியம் நீர் உறையும் இடமேயன்றி வெப்பமே அற்ற இடம் அன்று. 273 கூட்டிக் கெல்வினாக்குங்கள்: 303 என்பது 333 ஆயிற்று, அழுத்தம் மாறாதிருந்தால் பருமன் பத்தில் ஒரு பங்கே கூடும்.

மற்றொன்று 22.4. ஒரு குவை வளி 22.4 இலிட்டர் என்று மந்திரம்போல் உருப்போடுகிறார்கள். அது உறைநிலை வெப்பத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் உரிய எண். 1982-இல் உலக வேதியியல் ஒன்றியத்தார் திட்ட அழுத்தத்தை ஒரு 'பார்' என்று மாற்றினர், அதன்படி 22.7. தென்காசியில் 30 பாகையில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பார்த்தால் ஏறத்தாழ 24.9. மூன்றும் மெய்யே. எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம் என்று கேட்காமல் 22.4 என்கிறவர், எந்த ஊர் மரக்கால் என்று கேட்காமல் நெல் வாங்குகிறவர்.

பெருமக்களே, சொல்லுக்கு மீண்டும் வருகின்றேன். இங்கே தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு 'நிறை'. புவி அதனை இழுக்கும் விசை 'எடை'. ஈழத்துப் பாடநூலில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. ஆக, நிறை என்னும் ஒரே தமிழ்ச்சொல் பாக்கு நீரிணைக்கு இப்பால் ஒரு பொருளும் அப்பால் வேறொரு பொருளும் தருகின்றது! மோல் அங்கே 'மூல்'. தனிமவளவை அங்கே 'பீசமானம்'. ஓர் இனத்துப் பிள்ளைகள் ஒருவர் நூலை மற்றவர் படிக்க இயலாதபடி இரு பாதையில் போய்விட்டோம். இதில் ஈழத்தாரை மட்டும் குறைசொல்வது அறமன்று. நிறை, எடை என்னும் இரண்டையும் நம் கடைத்தெருவில் ஒரே பொருளில்தான் வழங்குகிறோம். திணிவு என்னும் சொல்லோ எவ்வித மயக்கமும் இன்றி நிற்கின்றது. எனக்குக் கேட்டால், அச்சொல்லை நாம் கடன் வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை.

ஒரு காலத்தில் இரு கரையாரும் கூடிச் செய்த வேலை இது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிசுக்கு கிரீன் அவர்களின் முயற்சியால் 1875-இலேயே 'கெமிசுதம்' என்னும் வேதியியல் நூல் தமிழில் வந்துவிட்டது. 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல்லுக்கென்று ஒரு கழகம் கண்டனர். தமிழ் சாத்திர பரிபாசைச் சங்கம் என்பது அதன் பெயர். நாலு சொல்லில் ஐயமின்றித் தமிழாயிருப்பது 'தமிழ்' ஒன்றே! ஆயினும் தொடங்கினார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பின்பு நம் நெல்லை இ.மு. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வழியே உழைத்து, 1936-இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூட்டினார். தலைமை தாங்கியவர் ஈழத்து விபுலானந்த அடிகள். இளமையில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். 1938-இல் 'கலைச்சொற்கள்' நூலாக வந்தது. நெல்லையும் ஈழமும் ஒரே மேசையில் அமர்ந்து சொல் ஆய்ந்தன. அம்மேசை பின்பு இரண்டாகி விட்டது.

2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தமிழில் படித்தால் வேதியியல் விளங்காது என்று பெற்றோர் நம்புகிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்பது உண்மையே. எனக்கும் விளங்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஆனால் 'மோல்' என்று ஆங்கிலச் சொல்லையே வைத்த இடத்திலன்றோ அந்தப் பெண் இடறினாள்? 'குவை' என்று சொன்ன மாலையே அவள் கணக்குப் போட்டாள்.

அவள் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போடாமல் என் மேசையிலேயே கிடந்தது. ஒரு கிழமை கழித்து அவளே வந்து வாங்கிக் கிழித்துப்போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பை அறிவியற் பிரிவிலேயே முடித்தாள். அதற்கிடையில் ஒருநாள் வந்து, "ஐயா, 740 கிலோ நீறு 440 கிலோ கரிவளியை உண்டு கல்லாகும் என்றீர்களே, முழுவதும் உண்டு முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள். எவ்வளவு என்று சொல்லும் இக்கணக்கு எவ்வளவு விரைவில் என்று சொல்லாது. அது வேறு கணக்கு. சுவரின் தடிமன், ஈரம், காற்று எல்லாம் அதில் வரும். எனக்குத் தெரிந்தது இவ்வளவே, உன் வேதியியல் ஆசிரியரைக் கேள் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு அடுத்துப் பேச ஒரு வேதியியல் ஆசிரியர் காத்திருக்கிறார். அவ்வினாவை அவர் முன் வைத்துவிட்டு நான் அமர்கின்றேன்.